பாதி ஒட்டிய மணிக்கட்டு எலும்புகள்

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக வலி. சும்மா இருக்கும்போது தெரியாது. துணி பிழியும்போது, பைக்கின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது, தண்ணீர் நிறைந்த குடத்தை ஒரு கையால் சாய்க்கும்போது சுருக்கென்று பிடிக்கும். பெரும்பாலும் எங்கேயோ கையை ஊன்றி விழுந்ததிலிருந்து ஆரம்பித்திருக்கும், மாதக்கணக்கில் விடாது. எக்ஸ்ரே எடுத்தால் அறிக்கையில் ஒரு வரி வரும்: லூனேட், ட்ரைக்வெட்ரம் எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியுள்ளன.

அந்த வரியைப் படித்த பிறகுதான் குழப்பம் கூடுகிறது. “பிறவியிலேயே இருப்பது, இத்தனை வருஷம் வலிக்காதது இப்போது ஏன் வலிக்கப்போகிறது” என்று ஒருவர் ஒதுக்கிவிடுவார். முடக்குவாதமாக இருக்குமோ என்று இன்னொருவர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முழுதாக ஒட்டியிருக்கிறதா, பாதியா? முழுதாக ஒட்டியிருந்தால் அந்த இடம் அநேகமாக வலிக்காது. பாதி ஒட்டி, பாதி பிரிந்து நின்றால் தேய்மானம் அங்கேதான் வரும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் இந்தப் பிரச்சினையின் முடிச்சு அதுதான். பரிசோதனை, சிகிச்சை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள், இரண்டு வரிசையாக. முன்கைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் வரிசையில், கட்டைவிரல் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரம். ட்ரைக்வெட்ரத்தின் மீது உள்ளங்கைப் பக்கமாகப் பட்டாணிபோல உட்கார்ந்திருப்பது பிசிஃபார்ம். கருவில் இந்த எலும்புகள் தனித்தனியாக முளைத்து வருவதில்லை. முதலில் தொடர்ச்சியான ஒரு திட்டாக இருக்கின்றன. கருவின் 4 முதல் 8 வாரங்களுக்குள் நடுவே இருக்கும் செல்கள் மடிந்து பிளவு விழுகிறது. அந்தப் பிளவுதான் பின்னால் மூட்டு ஆகிறது. ஆகவே எலும்புகள் ஒட்டிக்கொண்டன என்பதைவிட, பிரியாமல் நின்றுவிட்டன என்பதே சரி. வாழைச்சீப்பில் இரட்டைப் பழம் பார்த்திருப்போம்: சில பழம் அடியிலிருந்து நுனிவரை ஒன்றாக இருக்கும், சிலது பாதிவரை பிரிந்து பாதி ஒட்டியிருக்கும். இங்கேயும் அப்படித்தான்.

மணிக்கட்டில் இப்படிப் பிரியாமல் நிற்கும் ஜோடிகளில் அதிகம் காணப்படுவது லூனேட்–ட்ரைக்வெட்ரம், அடுத்தது விரல்கள் பக்க வரிசையில் இருக்கும் கேப்பிடேட்–ஹாமேட். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். பல நேரம் இரண்டு கையிலும் இருக்கும், சில குடும்பங்களில் தலைமுறையாக வரும். இதை வகைப்படுத்தியவர் தென்னாப்பிரிக்காவில் ஆய்வு செய்த மின்னார்; 1952இல் அவர் வகுத்த நான்கு வகைகளையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல் வகையில் எலும்புகள் முழுதாகச் சேரவில்லை. நடுவே ஒழுங்கற்ற ஒரு கோடு, உடைந்து கூடாத எலும்பின் இடுக்குபோலத் தெரியும். இரண்டாம் வகையில் சேர்ந்திருக்கும், ஆனால் ஒரு முனையில் வெட்டுப்போல ஒரு பள்ளம் மிஞ்சியிருக்கும். மூன்றாம் வகை முழு ஒட்டு. நான்காம் வகை என்பது முழு ஒட்டோடு மணிக்கட்டில் வேறு பிறவி மாற்றங்களும் இருப்பது. வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வகை. அதிலும் எல்லோருக்கும் வலி வந்துவிடாது. நெதர்லாந்தின் ரிட்டும் சகாக்களும் 2001இல் முதல் வகை வலியைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே நோயாளிகள் 9 பேர்தான்.

பாதி ஒட்டு ஏன் வலிக்கிறது? சாதாரண மணிக்கட்டில் கையை மடக்கி நீட்டும்போது லூனேட்டும் ட்ரைக்வெட்ரமும் ஒன்றுக்கொன்று சுமார் 14 டிகிரி நகர்கின்றன. அந்த நகர்வைத் தாங்க இரண்டு எலும்பின் முகத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் லிகமென்ட், அதாவது எலும்பை எலும்போடு கட்டும் நார், இழுத்துப் பிடித்திருக்கும். முழு ஒட்டில் நகர்வே கிடையாது, ஆகவே உரசலும் கிடையாது. இழந்த 14 டிகிரியைச் சுற்றியுள்ள மூட்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. முதல் வகையிலோ, நகர்வதற்கு இடமிருக்கிறது, ஆனால் ஒழுங்கான மூட்டு இல்லை. குருத்தெலும்பு மெல்லியது, மேடும் பள்ளமுமானது, சில இடத்தில் வெறும் நார்த்திசு. வழக்கமான வேலையின் சுமையே அதற்கு அதிகம். வருஷக்கணக்கில் ஓசையில்லாமல் தேய்கிறது. ஒருநாள் கை ஊன்றி விழும்போது, அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த நார்த்திசு பிய்ந்து, இடுக்கு ஆடத் தொடங்குகிறது. ஆடும் இடத்தில் எலும்பு எலும்போடு உரசி, ஓரம் கெட்டியாகி, உள்ளே சிறு சிறு நீர்க்கட்டிப் பொந்துகள் விழுகின்றன. விழுந்தது காரணமா, பிறவி காரணமா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கும். இரண்டும்தான்.

பரிசோதனைக்கு வருவோம். சுண்டுவிரல் பக்க வலி என்றால் சந்தேகப்பட வேண்டியவை நிறைய: அல்னா எலும்பின் (முன்கையில் சுண்டுவிரல் பக்கம் இருப்பது) நுனியில் இருக்கும் முக்கோணக் குருத்தெலும்புத் தட்டின் கிழிசல், மணிக்கட்டை அல்னா பக்கம் சாய்க்கும் தசையின் நாணில் வீக்கம், பிசிஃபார்ம் மூட்டின் தேய்மானம், அல்னா நீளமாக இருந்து லூனேட்டை இடிப்பது. எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்பதை விரல் நுனியால் தேடுவதே இவற்றைப் பிரிப்பதற்கு முதல் வழி. உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மேஜையில் வைத்து, புறங்கைப் பக்கம் அல்னாவின் குமிழைத் தாண்டி விரலை நகர்த்தினால் முதலில் கிடைக்கும் எலும்பு ட்ரைக்வெட்ரம். அதிலிருந்து கட்டைவிரல் பக்கமாக ஒரு விரல் நகர்ந்தால் லூனேட். இரண்டுக்கும் நடுவே அழுத்தும்போது, “இதுதான், இதே வலிதான்” என்று நோயாளி சொன்னால் தடம் கிடைத்துவிட்டது. 1984இல் ரீகன் விவரித்த சோதனையும் உதவும்: ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லூனேட்டை அசையாமல் பிடித்து, மறு கையால் ட்ரைக்வெட்ரத்தையும் பிசிஃபார்மையும் சேர்த்துப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுவது. லிகமென்ட் அறுந்த கையில் அது அதிகமாக ஆடும். பாதி ஒட்டில் ஆட்டம் குறைவு, வலி அதிகம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், வலித்தது என்பதற்காகவே லிகமென்ட் கிழிசல் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எக்ஸ்ரேயைச் சரியாக எடுப்பது பாதி வேலை. தோளைப் பக்கவாட்டில் 90 டிகிரி தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கை தட்டில் படிந்திருக்க, மணிக்கட்டு எந்தப் பக்கமும் சாயாமல் எடுக்க வேண்டும். அவசரத்தில் கையைக் கோணலாக வைத்து எடுத்தால் லூனேட்டும் ட்ரைக்வெட்ரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒட்டாத எலும்புகூட ஒட்டியதுபோலத் தெரியும். அல்னாவின் நீளமும் தப்பாக வரும். பக்கவாட்டுப் படத்தையும், வலிக்காத கையின் படத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். மறு கையிலும் அதே ஒட்டு தெரிந்தால் இது பிறவியில் வந்ததுதான் என்பது கிட்டத்தட்ட உறுதி.

முதல் வகையின் அடையாளங்கள்: இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி குறுகியிருக்கும், குறிப்பாக முன்கைப் பக்கம்; ஓரங்கள் ரம்பம்போல ஒழுங்கற்று, வெளேரெனக் கெட்டியாக இருக்கும்; எலும்புக்குள் கறுப்பாகச் சிறு பொந்துகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லூனேட்–ட்ரைக்வெட்ரம் ஒட்டியிருப்பவர்களில் பலருக்கு மறுபுறம், அதாவது ஸ்கேபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே, இடைவெளி இயல்பாகவே அகலமாக இருக்கும். அங்கே 3 மி.மீ.க்கு மேல் தெரிந்தால் ஸ்கேபாய்டு–லூனேட் லிகமென்ட் கிழிந்துவிட்டது என்று சொல்லப் பழகிய கண், இந்தக் கையிலும் அதையே சொல்லிவிடும். பக்கவாட்டுப் படத்தில் ஸ்கேபாய்டு–லூனேட் கோணத்தை அளக்க வேண்டும். 30 முதல் 60 டிகிரிக்குள் இருந்து, ஸ்கேபாய்டு கவிழ்ந்து மோதிரம்போலத் தெரியாமலும் இருந்தால் அந்த அகலத்தை மட்டும் வைத்துக் கிழிசல் என்று சொல்லக் கூடாது. மறு கையிலும் அதே அகலம் என்றால் கேள்வியே இல்லை. கிழியாத லிகமென்ட்டைத் தைக்கப் போய் நல்ல மணிக்கட்டை இறுக்கிவிடுவது, இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய மிக வருத்தமான தவறு என்பேன்.

எலும்புப் பாலம் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்வது சி.டி. ஸ்கேன், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக எடுத்தால்தான் பயன். அந்த இடம் இப்போது வலியை உண்டாக்குகிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. கொழுப்பின் ஒளிர்வை அடக்கிய படங்களில் இடுக்கின் இரு கரையிலும் எலும்புக்குள் நீர் கோத்து வெள்ளையாகத் தெரிந்தால், தேய்மானம் உயிர்ப்போடு இருக்கிறது. அந்த வெள்ளை இல்லாமல் வெறும் ஒட்டு மட்டும் தெரிந்தால் வலிக்கு வேறு காரணம் தேடுவதே நியாயம். அதே படத்தில் முக்கோணக் குருத்தெலும்புத் தட்டையும், ஹாமேட்டின் நுனியையும் பார்த்துவிடலாம். லூனேட்டின் அடியில் ஹாமேட்டைத் தொடும் கூடுதல் முகம் ஒன்று பலருக்கு உண்டு. 1990இல் வியேகாஸ் அறுத்துப் பார்த்த மணிக்கட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இருந்தது. அந்த முகம் இருப்பவர்களுக்கு ஹாமேட் நுனி தேய்ந்து, இதே பக்கத்தில் இதே மாதிரி வலி வரும்.

நம் ஊரில் இன்னும் இரண்டைத் தள்ளிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். காசநோய் மணிக்கட்டைத் தாக்கினால் எலும்பு அடர்த்தி குறைந்து, அரித்து, கடைசியில் பல எலும்புகள் ஒரே கட்டியாகச் சேர்ந்துவிடும். சிறு வயதில் வரும் மூட்டழற்சியும் முடக்குவாதமும் அப்படியே. பிறவி ஒட்டில் மற்ற மூட்டுகள் பளிச்சென்று இருக்கும், எலும்பின் அடர்த்தி குறைந்திருக்காது, எலும்புகளின் வளைவுக் கோடுகள் முறியாமல் ஓடும். இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவு, காலையில் அரை மணிக்கும் மேலான இறுக்கம், பல மூட்டில் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்காமல் விடக் கூடாது. இவை எதுவும் இல்லாத, ஒரே இடத்து வலிக்கு முடக்குவாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் கூடாது.

சிகிச்சை. முதலில் ஓய்வு, அதுவும் அரைகுறையாக இல்லாமல். மணிக்கட்டை நேராகவோ 10 முதல் 15 டிகிரி பின்னால் சாய்ந்தோ வைக்கும், அசையவிடாத பட்டை (ஸ்ப்ளின்ட்) ஒன்றை 4 முதல் 6 வாரம் போட வேண்டும். குளிக்கவும் விரல்களை அசைக்கவும் மட்டும் கழற்றலாம். பட்டை உள்ளங்கை ரேகையைத் தாண்டி விரல் மடிப்புவரை நீண்டால் விரல்கள் இறுகிப்போகும். ரேகைக்குக் கீழே நிற்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய எலாஸ்டிக் உறை மணிக்கட்டைக் கதகதப்பாக வைக்குமே தவிர நிறுத்தாது. உள்ளே உலோகத் தகடு வைத்தது வாங்குங்கள், அல்லது கைமறுவாழ்வு நிபுணரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், சொடக்கு எடுப்பதும் இந்த வலிக்கு எதிரி. ஆடக் கூடாத இடுக்கை ஆட்டுகிற வேலை அது.

வீட்டு வேலையில் மாற்ற வேண்டியது முறுக்கலும் ஊன்றலும். துணியைப் பிழியாமல் குழாயின்மேல் போட்டு அழுத்தி நீர் வடியவிடலாம். மாவு பிசைவதை மறு கைக்கு மாற்றலாம். தண்டால் எடுப்பவர்கள் உள்ளங்கையை விரித்து ஊன்றாமல் முஷ்டியில் ஊன்றினால் மணிக்கட்டு நேராக நிற்கும். வலி இருக்கும் 6 வாரத்துக்கு அதுவும் வேண்டாம். 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பார்க்கலாம்: ஒரு வேளைக்கு 2 கிராம், நாளுக்கு 4 வேளை, அதற்கு மேல் இல்லை. மாத்திரையாக அதே இன மருந்தைத் தொடர்ந்து விழுங்குவது, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போகக் கூடாது.

ஸ்டீராய்டு ஊசிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று வலியைக் குறைப்பது. அதைவிடப் பெரியது, வலி எங்கிருந்து வருகிறது என்று சொல்வது. அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரே திரையோ பார்த்துக்கொண்டு, அந்த இடுக்கிலேயே மரத்துப்போகும் மருந்தோடு 10 மி.கி. அளவு ட்ரையாம்சினோலோன் போடுவார்கள். இடம் சிறியது, மொத்தம் 1 மி.லி.கூட உள்ளே போகாது. ஊசி போட்ட முதல் மணி நேரத்தில், வலித்த அதே வேலையைச் செய்து பார்க்க வேண்டும். வலி காணாமல் போனால் இடம் சரி. மறுநாள் திரும்பி வந்தாலும் பரவாயில்லை, விடை கிடைத்துவிட்டது. சுத்தமாகக் குறையவில்லை என்றால் அறுவைக்கு அவசரப்படக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அளந்துகொள்ளுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்து மெலியும். அடுத்தடுத்த ஊசிகளுக்கு நடுவே 3 மாதமாவது இடைவெளி வேண்டும். இரண்டு ஊசிக்குப் பின்னும் வலி அப்படியே திரும்பினால் மூன்றாவது எதையும் மாற்றப்போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வலி விடவில்லை என்றால், செய்ய வேண்டிய அறுவை அந்த இரண்டு எலும்பையும் முழுதாகச் சேர்த்துவிடுவது. உடல் பாதியில் விட்டதை முடித்துவைக்கிறோம், அவ்வளவுதான். பிறவியிலேயே முழு ஒட்டோடு இருக்கும் எத்தனையோ பேர் அது இருப்பதே தெரியாமல் மூட்டை தூக்குகிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள்; இந்த அறுவையின் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களே சாட்சி. மாறாக, ஒட்டை அறுத்துப் பிரித்து மூட்டு உண்டாக்கும் யோசனை மணிக்கட்டில் பலிக்காது. பிரித்த முகங்களில் போர்த்தக் குருத்தெலும்பு கிடையாது.

கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, புறங்கைப் பக்கம் திறப்பார்கள். அங்கே சுண்டுவிரல் பக்கத் தோலுக்கு உணர்வு தரும் அல்னா நரம்பின் கிளை ஓடுகிறது. அதை முதலில் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். நசுங்கினால், எலும்பு அழகாகக் கூடிய பிறகும் எரிச்சல் மிஞ்சும். இடுக்கில் உள்ள நார்த்திசு, கெட்டித்த எலும்பு எல்லாவற்றையும் ரத்தம் கசியும் பஞ்செலும்பு தெரியும்வரை சுரண்டி எடுப்பார்கள். கெட்டித்த ஓரத்தைப் பாவம் பார்த்து விட்டுவைத்தால் எலும்பு கூடாது. அதே சமயம், உள்ளங்கைப் பக்கத்து ஓரத்தில் ஒரு விளிம்பை விட்டுவைப்பது நல்லது. எல்லாவற்றையும் எடுத்து இறுக்கினால் எலும்புகள் நெருங்கி வரிசை குறுகி, பக்கத்து மூட்டுகளின் பொருத்தம் கெடும். குழியை ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது) நுனியிலிருந்து எடுத்த பஞ்செலும்பால் அடைத்து நிரப்புவார்கள். அது போதாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்து. பிறகு சுண்டுவிரல் பக்கத்திலிருந்து, ட்ரைக்வெட்ரம் வழியாக லூனேட்டுக்குள், தலையில்லாத ஸ்க்ரூ ஒன்று. ஒற்றை ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு சுழலக்கூடும், ஆகவே கூடவே இன்னொரு ஸ்க்ரூவோ கம்பியோ போடுவது நல்லது. ஸ்க்ரூ அளந்த தூரத்தைவிடச் சில மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும்; நுனி லூனேட்டைத் தாண்டி பக்கத்து மூட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கை அசைந்த ஒவ்வொரு முறையும் அது குருத்தெலும்பைக் கீறும்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். மாவுக்கட்டு பொதுவாக 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். கட்டைக் கழற்றும் முடிவை நாள்காட்டி பார்த்து எடுக்கக் கூடாது. சாதாரண எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ மறைப்பதால் கூடியதா என்று தெரியாது, சி.டி.யில் பாலம் தெரிய வேண்டும். இந்த அறுவையில் அதிகம் தவறிப்போவது இதுதான்: எலும்பு கூடாமல் போவது. இரண்டு எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சின்னது, விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எலும்புகளை ஒன்றையொன்று உரசி நழுவவைக்கும் விசை விழுகிறது. வெறும் கம்பி மட்டும் போட்டால் கூடாமல் போகும் வாய்ப்பு ஸ்க்ரூவைவிட அதிகம். புகை பிடிப்பவர்கள் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இதில் எந்தச் சலுகையும் தர முடியாது. கூடிய பிறகு மெல்ல அசைவுப் பயிற்சி, பிறகு பிடியின் பலம். கனமான வேலைக்கு 3 முதல் 4 மாதம் ஆகும்.

எலும்பு நன்றாகக் கூடியும் வலி போகவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களில் அல்னாவின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆரையும் அல்னாவும் சம நீளமாக இருந்தால் மணிக்கட்டின் சுமையில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆரை வழியாகவும் 20 சதவீதம் அல்னா வழியாகவும் போகிறது. அல்னா 2.5 மி.மீ. நீண்டாலே அதன் பங்கு 42 சதவீதத்துக்குப் போய்விடும். இரண்டு எலும்பும் ஒரே கட்டியாகிவிட்ட பிறகு, நீண்ட அல்னாவின் இடியிலிருந்து நழுவிக்கொள்ள ட்ரைக்வெட்ரத்துக்கு வழியில்லை. இதனால்தான் அறுவைக்கு முன் எடுக்கும் அந்த முதல் எக்ஸ்ரே கோணலில்லாமல் இருக்க வேண்டும் என்று மேலே அழுத்திச் சொன்னது. அல்னா நீளம் என்று முன்பே தெரிந்தால் அதை 2 அல்லது 3 மி.மீ. குறைப்பதையும் சேர்த்தே திட்டமிடலாம்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. ட்ரைக்வெட்ரம் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்குவது 2, 3 வயதில். லூனேட் 4 வயதை ஒட்டி. அதற்கு முன் ஒட்டு இருக்கிறதா இல்லையா என்று எக்ஸ்ரே சொல்லாது. ஒரே வரிசையில் இரண்டு எலும்பு மட்டும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தனித்த விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வரிசையையும் குறுக்காக இணைத்து ஒட்டியிருந்தாலோ, கூடவே உயரக் குறைவு, கூடுதல் விரல், இதயத்தில் குறை என்று ஏதாவது இருந்தாலோ எல்லிஸ்–வான் கிரெவெல்ட், ஹோல்ட்–ஓரம் போன்ற நோய்க்குறிகளை நினைத்து மரபியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலிக்காத மறு கையில் அதே பாதி ஒட்டு தெரிந்தால் அதற்கு இப்போது எந்த சிகிச்சையும் தேவையில்லை. ஊசி வேண்டாம், பட்டை வேண்டாம். அந்தப் படத்தையும் அறிக்கையையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். என்றாவது அந்தக் கையை ஊன்றி விழுந்து அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், பணியில் இருக்கும் டாக்டர் அந்தக் கோட்டைப் புது எலும்பு முறிவு என்றும், அகன்ற இடைவெளியைப் புதுக் கிழிசல் என்றும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க அந்தப் பழைய படம் வேண்டும்.